சத்தம் வாங்கின கம்பெனி

பொட்டல்வயல் கிழக்குத்தெருவில் முதலில் காணாமல் போனது இசக்கியம்மாள் வீட்டு குக்கர் விசில். குக்கர் அடுப்பில்தான் இருந்தது, அரிசி வெந்தது, ஆவி போனது, வெயிட்டு எழும்பி எழும்பி ஆடியது, விசில் மட்டும் வரவில்லை. ரப்பர் போய்விட்டது என்று நினைத்து அவள் சந்தையில் புது ரப்பர் வாங்கி மாட்டினாள், மாட்டின கையோடு ஆட்டுக்கல்லின் சத்தமும் போனது, ஆட்டுக்கல்லுக்கு எங்கே போய் ரப்பர் மாட்டுவது என்று சும்மா இருந்துவிட்டாள். அப்புறம் துணி உதறுகிற சத்தம் போனது, பிள்ளையின் கொலுசுச் சத்தம் போனது, வீட்டுக்காரரின் குறட்டை போனது. குறட்டை போனதற்கு மட்டும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தாள், கோயிலில் வைத்து உடைத்ததால் அது சத்தத்தோடுதான் உடைந்தது.

சத்தமெல்லாம் எங்கே போகிறது என்று அந்தத் தெருவில் யாரும் திகைக்கவில்லை. தகரச் சம்படத்தில் அடைபட்டுப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

விஷயம் இசக்கியம்மாளின் போனில் ஆரம்பித்தது. வீட்டிலிருந்தே வேலை, அனுபவம் தேவையில்லை, பெண்களுக்கு முன்னுரிமை என்று ஒரு விளம்பரம் வந்தது, நம்பரைத் தொட்டாள், ஒரு சார் பேசினார். பேசின உடனேயே "மேடம்" என்றார். பீடிக்கடைக் கணக்கப்பிள்ளை அவளை இத்தனை வருஷமாக "ஏ இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், மேடம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. சேர்மானக் கட்டணம் என்று ஒன்று கேட்டார், மூக்குத்தியை அடகு வைத்துக் கட்டினாள், அடுத்த வாரம் தெருமுனையில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கி, மூடி போட்ட சின்னத் தகரச் சம்படங்கள் அடுக்கிய பெட்டியை நீட்டினான். காலையில் மூடியைத் திறந்து வீட்டுக்குள் வைக்க வேண்டும், விளக்கு வைக்கிற நேரத்தில் மூடி ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும், வேன் வரும்போது கொடுக்க வேண்டும், உள்ளே எதுவும் போடக் கூடாது. வேலை அவ்வளவுதான்.

வேறு ஊர்ப் பெண்கள் என்றால் காலிச் சம்படத்தை மூடிக் கொடுப்பது ஒரு வேலையா என்று சிரித்திருப்பார்கள். கிழக்குத்தெருப் பெண்கள் சிரிக்கவில்லை, அவர்களுக்கு வேலை என்றாலே வீட்டுக்குள் நடப்பதுதான். பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள், மடியில் சுளகு முறத்தை வைத்துப் பீடியாகச் சுற்றிக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லாததைக் கழிவு என்று எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்துக்குக் கூலி தருவார்கள். முதலாளியை ஒருத்தியும் பார்த்ததில்லை, சுற்றின பீடியை எந்த ஊரில் எவன் குடிக்கிறான் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. முகம் தெரியாத முதலாளி, வெளியிலிருந்து வருகிற பொருள், திரும்பிப் போகிற சரக்கு, கழிவு என்கிற பயம், எல்லாம் பழகின விஷயமாகவே இருந்ததால் இதிலே சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நம்பினார்கள். "இது இருமல் வராத பீடி, வேறொண்ணும் இல்ல" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம். முதல் கூலி சொன்ன நாளில் சொன்னபடி வந்தது, வந்ததும் தெருவே சேர்ந்துவிட்டது, அதற்கப்புறம் வரவேண்டியது மொத்தமாக வரும் என்று சார் சொன்னதையும் தெருவே நம்பியது.

சேர்ந்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. தொளதொளப்பாகச் சுற்றின பீடியைக் கழித்துவிடுவார்கள் என்று பயந்து பழகின கைகள், சம்படம் தொளதொளப்பாக இருந்தால் கழித்துவிடுவார்களோ என்று பயந்தன. நல்ல சத்தம் முதல் தரம் என்று சார் சொன்னதும் பிள்ளைகளைச் சம்படத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன, மூடியதும் சிரிப்பு போய் வாய் மட்டும் திறந்திருந்தது.

சத்தம் குறையக் குறையத் தெரு தன் நடப்பை மாற்றிக்கொண்டது. விசிலை எண்ணிச் சோறு இறக்கினவர்கள் ஆவியைப் பார்த்து இறக்கினார்கள். கைப்பிள்ளைக்காரிகள் தொட்டில் கயிற்றின் நுனியைக் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு படுத்தார்கள், பிள்ளை உதைத்தால் விரல் இழுபடும், அழுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். காய்கறிக்காரர் கூவிப் பார்த்தார், கூவினது எந்த வாசலையும் தாண்டவில்லை, நீளக் கம்பில் சிவப்புத் துணியைக் கட்டி ஜன்னல் ஜன்னலாக ஆட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். சண்டை போட நினைத்தவர்கள் ரேஷன் கடைப் பக்கம் போய்ப் போட்டார்கள், அங்கே சத்தம் நன்றாக வந்தது, ஆனால் அவ்வளவு தூரம் வெயிலில் நடப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிப்போனதால் தெருவில் சண்டையே குறைந்துவிட்டது என்று சிலர் பெருமையாகச் சொன்னார்கள். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் காதைக் குடைந்து குடைந்து பார்த்துவிட்டுக் காப்பி வருவதற்குள் எழுந்து போனார்கள். மத்தியான வேளையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு வாய்கள் அசைந்துகொண்டிருக்கும், ஒரு சொல்லும் கேட்காது, நடக்கிறவர்களுக்குத் தங்கள் காலடி தங்களோடு வருகிறதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

சத்தம் மிச்சமிருந்த ஒரே வீடு, கம்பெனியில் சேராத வடிவு வீடு. அதற்குக் காரணம் அவள் புருஷன் மாசானம். கேரளத்தில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இரண்டு காலும் போனபிறகு அவர் ஜன்னலோரக் கட்டிலில்தான் இருந்தார். ஆனால் அவர் குரலுக்குக் கால் இருந்தது. அது தெரு முழுக்க நடமாடும், காய்கறிக்காரரிடம் பேரம் பேசும், வெயிலில் நிற்கிற பிள்ளைகளை வீட்டுக்குள் விரட்டும், இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் நடுவில் போய் நின்று ஒரு கேலி பேசிப் பிரித்துவிடும். படுத்துக்கிடக்கிற ஆம்பிளையை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று ஊர் பேசும், வடிவுக்கு அவர் படுத்துக்கிடக்கிறார் என்ற நினைப்பே இருந்ததில்லை. கடைக்குப் போய் வருகிற வழியில் தெருமுனை திரும்பும்போதே "ஏ வடிவு" என்று கடைசி எழுத்தை இழுத்து ஒரு கூப்பாடு வந்து அவளைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூப்பாடு இருக்கிற வரைக்கும் தனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

இசக்கியம்மாள் பேசுவதற்கென்றே அந்த வீட்டுக்கு வருவாள். வந்தால் தன் குரலைத் தானே கேட்கிற சந்தோஷத்தில் வேண்டியதற்கும் வேண்டாததற்கும் பேசுவாள்.

"நீங்களும் சேந்துருங்க மதினி, பீடி சுத்திச் சுத்தி நெஞ்சு புண்ணாயிட்டு ஒங்களுக்கு."

"வேலை குடுக்கவன் நமக்குத் துட்டு தருவானா, நம்மகிட்ட வாங்குவானா?" என்றார் மாசானம்.

"அது சேர்மானம்லா அண்ணாச்சி."

"சரி, கம்பெனி எந்த ஊர்ல இருக்கு?"

"ஊரா? அது போன்ல இருக்கு."

"போன்ல இருக்க கம்பெனிக்கு வாசல் எங்கன இருக்கு? நாளைக்கு ஒண்ணுன்னா எந்தக் கதவப் போயித் தட்டுவ?"

இசக்கியம்மாள் சிரித்தாள். "தட்டுனா மட்டும் எனக்கென்ன கேக்கவா போவுது?"

மாசானம் சொன்னது சரிதான் என்று வடிவுக்குத் தெரியும். ஆனால் பீடிக்கடையில் இலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், புகையிலைத் தூள் பக்கமே போகாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், சரியான பேச்சை அரிசிப் பானையில் போட்டுப் பொங்க முடியாது. சீட்டுப் பணத்தில் கட்டணத்தைக் கட்டி, அவருக்குத் தெரியாமல் ஒரு பெட்டி வாங்கினாள். சம்படங்களை அடுக்களைப் பரணில் திறந்துவைத்தாள்.

சாயங்காலம் மூடப் போகும்போது அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது, ஒரு கை முருங்கைக்கீரையாவது இரண்டு வெங்காயமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். உள்ளே எதுவும் போடக் கூடாது என்று மற்றவர்கள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தார்கள், இவளுக்கு அது முடியவில்லை. கருப்பட்டியை உடைத்து ஒவ்வொரு சம்படத்திலும் ஒரு துண்டு போட்டு மூடினாள்.

வேன் போனபின் வீட்டில் கதவுத் தாழ்ப்பாளின் சத்தமும் வளையல் சத்தமும் இல்லை.

"வடிவு, கதவுக்கு எண்ணெய் போட்டியா?"

"ஆமா."

"வளவிக்கும் போட்டியோ?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இரண்டொரு வாரத்தில் அவளுடைய சம்படங்கள் மொத்தமும் திரும்பி வந்தன. கழிவு. டிரைவர் பெட்டியை அவள் கையில் போட்டுவிட்டுப் போனான். வீட்டில் வைத்து ஒன்றைத் திறந்தாள், டக்கென்று தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வெளியே வந்து கதவுக்குப் போனது. அடுத்ததில் அவள் வளையல்கள் குலுங்கின, கருப்பட்டித் துண்டில் எறும்பு மொய்த்திருந்தது.

ஜன்னல் பக்கத்திலிருந்து மாசானம் சொன்னார், "கதவு வந்துட்டு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார், "எங்க போயிருந்துச்சாம்?"

அந்த இடத்தில் அவள் எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும். கொட்டியிருந்தால் அவர் நாலு ஏச்சு ஏசி, நாலு கேலி பேசி, அத்தோடு விட்டிருப்பார். எங்கேயோ, என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள்.

மறுநாள் சார் கூப்பிட்டார். குரலில் மேடம் இருந்தது, மரியாதை இல்லை.

"உள்ளே இனிப்பு போட்டிருக்கீங்க. உங்களால கம்பெனி சரக்கு மொத்தமும் கெட்டுப்போச்சு. ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க, ஞாபகம் இருக்கா?"

போன் கண்ணாடியில் பெருவிரலை வைத்ததுதான் அவளுக்கு ஞாபகம்.

"நஷ்டத்தைக் கட்டணும். இல்லைன்னா போலீஸ் உங்க தெருவுக்கு வரும், உங்க போட்டோவைப் பீடிக்கடை வாசல்ல ஒட்டுவாங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்க, சொன்னா கேஸ் பெருசாயிடும்."

நடுத்தெருவில் போலீஸ் ஜீப் நிற்பதும், கணக்கப்பிள்ளை தன் போட்டோவை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பதும் அவள் கண்ணுக்குள் ஓடின. "என்கிட்ட ஒண்ணுமில்ல சார்" என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு.

"இருக்கே மேடம்," என்றார் சார், திடீரென்று கனிவாக. "உங்களுக்குப் பின்னால ஒருத்தர் பேசிட்டிருக்காரே, எனக்கு நல்லாக் கேக்குது. என்ன குரல் அது! ஒரே ஒரு சம்படம். எல்லாக் கணக்கும் முடிஞ்சுது. இந்தத் தடவை உள்ளே எதுவும் போடாதீங்க."

தாழ்ப்பாள் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தவள் அவள். போனாலும் எப்படியாவது வாங்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பயந்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிற பொய்யைப்போல் நம்பிக்கையாகச் சொல்லப்படுகிற பொய் உலகத்தில் கிடையாது. ஒரு சம்படத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். மத்தியானம் கட்டிலுக்கு அடியில் திறந்து வைத்தாள்.

மாசானம் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். கேரளத்தில் மூணாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டு கீழே இருக்கிறவனுக்குக் குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் போகிற ஆட்டோக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நிறுத்திவிடுவான் என்ற கதையைச் சொன்னார். அது வடிவு பலமுறை கேட்ட கதை, ஒவ்வொரு முறையும் ஆறு இன்னும் கொஞ்சம் அகலமாகும். சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தாள்.

"என்னளா தேடுத?" என்றார் அவர். "நானும் நாலு நாளாப் பாக்குதேன், மொகமே சரியில்ல. எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு, ஏ வடி"

மூடி இறுகியது.

அவர் வாய் இன்னும் இரண்டு மூன்று தடவை அசைந்தது. காதில்தான் ஏதோ அடைத்துக்கொண்டது என்று தலையை உதறினார். வெளியே நாய் குரைப்பது கேட்டது, அடுப்பில் பானை மூடி ஆடுவது கேட்டது, அவரிடமிருந்து மட்டும் எதுவும் இல்லை. அப்புறம் அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். கோபப்பட்டாரா, மன்னித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தை அவள் குரலோடு சேர்த்துத்தான் படித்துப் பழகியிருந்தாள், தனியாகப் படிக்கத் தெரியவில்லை.

வாழ்க்கையில் அவள் காலியாகக் கொடுத்த ஒரே பாத்திரம் அதுதான், அதனால் அது திரும்பி வரவில்லை.

சார் மறுபடி கூப்பிட்டார். முதல் தரமான சரக்கு, ஆனால் கணக்கை மூடுவதற்கு ஒரு கட்டணம் பாக்கி இருக்கிறது, அதைக் கட்டினால்தான் போலீஸ் பேப்பரைக் கிழிப்பார்கள் என்றார். அப்போதுதான் வடிவுக்கு முழுசாகப் புரிந்தது, இது ஒருநாளும் முடியாது, கொடுத்தால் கேட்பார்கள், மறுபடி கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். "என் வீட்டுக்காரவிய சத்தத்தக் குடுல சவத்துப்பயலே" என்று தெரு கேட்கக் கத்தினாள். போன் வைக்கப்பட்டது. ரேஷன் கடை வரிசையில் போய் நின்று, நெஞ்சில் அடித்துக்கொண்டு, தான் செய்ததை ஒன்று விடாமல் சொல்லி அழுதாள். வெட்கம் அவளைத் தின்றது, ஆனாலும் சொன்னாள். வரிசை கலைந்து அவளைச் சுற்றி நின்றது.

போலீஸ் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை, வரப்போவதாக மிரட்டினவர்களின் போனைத் தெருவில் யாரும் அப்புறம் எடுக்கவில்லை. கையிலிருந்த சம்படங்களில் பெண்கள் கருப்பட்டி போட்டு வேனில் ஏற்றினார்கள், அதெல்லாமும் பக்கத்தில் இருந்து கெட்டுப்போன பழைய சரக்கும் கழிவு என்று திரும்பி வந்தது, அதோடு வேனும் வருவதை நிறுத்திக்கொண்டது. திறந்தபோது சத்தங்கள் வீடு மாறிப் போயின. இசக்கியம்மாள் வீட்டுக் குறட்டை தங்கபுஷ்பத்தின் ஆட்டுக்கு வந்தது, யார் வீட்டு விசிலோ கோயில் மணியில் போய் உட்கார்ந்தது, தெரு அதையும் பழகிக்கொண்டது. முதல் தரம் என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சத்தங்கள் வரவேயில்லை. சில பிள்ளைகள் இன்றைக்கும் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரிக்கின்றன.

மாசானத்துக்கு இசக்கியம்மாள் ஒரு பித்தளைத் தட்டும் கரண்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டுமென்றால் தட்டுவார். வடிவு தெருமுனை திரும்பும்போது தட்டுவதில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். அந்தத் திருப்பத்தில் தினமும் அவளுக்குக் கால் தடுமாறியது.

மழைக்காலத்தில் தங்கபுஷ்பத்தின் தங்கச்சி அக்கரையூரிலிருந்து வந்தாள். தனக்கும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்றாள். "ஒரு அண்ணன் பேசுனாவ, நம்மூருப் பேச்சு, கேக்கவே அவ்ளோ ஆறுதலா இருந்துச்சு. ஏமாத்துற ஆளு அப்பிடியா பேசுவாவ?" அந்த அண்ணன் எப்படிப் பேசினார் என்று அவள் பேசிக் காட்டினாள், கடைசி எழுத்தை இழுத்து. வடிவு அவள் கையிலிருந்த போனை வாங்கி நம்பரை அழித்துப் போட்டாள். மறுநாளிலிருந்து பஸ் ஏறி அக்கரையூருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் போய் வாசல் வாசலாகச் சொன்னாள்: குரல் நல்ல குரல்தான், அந்தக் குரலுக்குரிய மனுஷன் என் வீட்டில் இருக்கிறார், அவர் உங்களைக் கூப்பிடவில்லை, வேலை தருகிறேன் என்று துட்டு கேட்டால் பேசுகிறது யாராக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

சொல்வது சுலபம். ஒரு மத்தியானம் அவளுடைய போனே அடித்தது, தெரியாத நம்பர். மாசானத்தின் கட்டிலோரம் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தவள் இடது கையால் எடுத்தாள்.

"வணக்கம் மேடம். வீட்டிலிருந்தே செய்யுற மாதிரி ஒரு வேலை இருக்கு."

கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது. மாசானமும் கேட்டார், தன் குரலைத் தானே கேட்டு நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"உங்க பேரு மேடம்?"

வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், ஊர் ஊராகச் சொன்னவள் அவள்தான். "வடிவு," என்றாள்.

"ஏ வடிவு," என்றது குரல்.

இழுத்துச் சொன்னது. கேலியும் பிரியமும் கொஞ்சம் அதட்டலுமாக, ஒரு இழை குறையாமல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மழைக்காலம் முழுக்கத் தெருமுனையில் அவளைப் பிடிக்காமல் விட்ட அந்தக் கூப்பாடு இப்போது காதோரத்தில் நின்றது, இன்னொரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று மனசு கெஞ்சியது.

"சின்னத் தொகைதான் வடிவு. கட்டிட்டேன்னா தினமும் பேசலாம், நீயும் நானும். கட்டிருவியா வடிவு? எனக்காகச் செய்ய மாட்டியாளா?"

"செய்வேன்," என்று அவள் வாய் சொல்லப் போனது.

கட்டிலிலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மாசானம் அவள் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று. அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. போனுக்குள் அவர் குரல் அவளைக் கொஞ்சிக்கொண்டே இருக்க, அவர் அவள் பெருவிரலைத் தன் விரலால் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குகிற மாதிரி மெதுவாக நகர்த்தி, சிவப்புப் பொத்தானின் மேல் வைத்து அழுத்தினார்.

வீடு அமைதியானது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அதை வெட்டுவதற்கு அவளுக்கு அவர் விரல் தேவைப்படவில்லை.